பாலம் போட்டவர் வரைந்த யானை

சம்பந்தி,

நடுப்பகலில் வானம் பரங்கிப்பழம்போல் சிவந்து, காட்டுத்தீப் புகையில் தெருவிளக்கெல்லாம் எரிந்ததே, அந்த வருஷத்து உங்கள் புத்தகப் பெட்டி இது. நோய்க்குப் பயந்து விமானங்களை நிறுத்திவிட, பேத்தியைப் பார்க்க அமெரிக்கா வந்த நாம் இரண்டு ஜோடிக் கிழங்களும் சான் ஹோசேயில் ஒரே வீட்டுக்குள் மாட்டிக்கொண்ட வருஷம். இன்று கராஜை ஒழிக்கும்போது பெட்டியைப் பிரித்தேன். அச்சு மை வாடை அப்படியே இருக்கிறது. யார் கையும் படாத புத்தகத்தில் வாடை போகாது போலிருக்கிறது.

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். உங்கள் மருமகள். "அப்பா, செத்துப்போனவரைப் பத்தி இப்படியா பேசுவாங்க?" என்கிறாள். இருந்தபோதும் இப்படித்தானே பேசினேன். எழுதும்மா.

அரசாங்க ஆபீசில் பாலங்களுக்குப் படம் போட்டு ஓய்வு பெற்றவர் நீங்கள். "இங்க இருக்கற தமிழ்க் குழந்தைகளுக்கு நானே கதை எழுதி, நானே படமும் போடப் போறேன்" என்று ஒருநாள் அறிவித்தீர்கள். உங்களை யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேஜை முழுவதும் ஸ்கேலும் பென்சிலும் கலர் டப்பாவும். நாங்கள் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சோபாவில் சாப்பிட்டோம். யானையை ஸ்கேல் வைத்து வரைந்த மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மண்டியில் மூட்டை தூக்கிய எனக்கு எழுத்து தெரியாது. அதை நீங்கள் ஒருநாளும் மறக்க விட்டதில்லை. "சம்பந்தி, இதெல்லாம் இலக்கியம். உங்களுக்குப் புரியாது, விடுங்க." விட்டேன். ஆனால் காது எனக்கு நன்றாகவே கேட்கும். தமிழ்க் குழந்தைக்குக் கதை எழுதிக்கொண்டே, பக்கத்தில் வந்து நின்ற தமிழ்க் குழந்தையிடம் நீங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். "கம், பேபி. சிட் ஹியர். டோன்ட் டச்." ஆறு வயசுப் பிள்ளையிடம் இங்கிலீஷைக் காட்டி என்ன பிரமோஷன் கேட்டீர்களோ!

அவள் உங்களுக்கு வைத்த பேர் பிரிட்ஜ் தாத்தா. அது பாலத்தைச் சொல்வது என்று பிறகுதான் தெரிந்தது. அதுவரை சமையலறையில் நிற்கிற பிரிட்ஜைச் சொல்கிறாள் என்றே நினைத்திருந்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

எனக்கோ அவளிடம் பேச வழியில்லை. நான் தமிழில் கேட்டால் அவளுக்குப் புரியும். பதில் இங்கிலீஷில் வரும், எனக்குப் புரியாது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். ஒரே வீட்டில் மாதக்கணக்காக இருந்தும் அந்தப் பிள்ளையின் பேச்சு எனக்குக் கிடைக்கவில்லை. உங்களிடம் சொன்னேன். "புத்தகம் வரட்டும், தமிழ் தானா வரும்" என்றீர்கள்.

புத்தகம் வந்து இறங்கியது. வாங்கியவர்கள் அப்பா அம்மாக்கள். "சூப்பர் முயற்சி அங்கிள்!" என்று சொல்லிக் கொண்டுபோய் ஷெல்பில் வைத்தார்கள். பிள்ளைகள் தொடவில்லை.

நம் வீட்டுப் பிள்ளை தொட்டது. ஒரு மாலை புத்தகத்தை என் மடியில் போட்டு, ஒட்டி உட்கார்ந்தாள். அவளுக்கும் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டு பேரும் படம் பார்த்தோம். மரத்தடியில் உங்கள் யானை உட்கார்ந்து, உண்மை பேசுவதன் பெருமையைக் குருவிகளுக்குச் சொல்கிறதாம். பாலத்துத் தூண் மடங்குமா? கால் நான்கும் விறைத்து நிற்க, பின்பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தது. முகத்தில் ஒரு முக்கல்.

அவள் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். நான் விழித்தேன். ஓடவில்லை அவள். யோசித்தாள். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி, "தாத்தா... யானைக்கு... கக்கா வருது" என்றாள்.

"எங்கடி வருது? வரல. மூஞ்சியப் பாரு."

"அப்போ வாழைப்பழம் குடு!"

என் பல்செட் கழன்று விழப் பார்த்தது. நீங்கள் வேகமாக வந்தீர்கள்.

"என்ன சிரிப்பு சம்பந்தி? அது ஒழுக்கக் கதை."

"ஒழுக்கம் இருக்கட்டும் சம்பந்தி. யானைக்கு மலச்சிக்கல்."

"ஹூ டோல்ட் யூ திஸ், பேபி?" என்று அவளிடம் திரும்பினீர்கள்.

"பிரிட்ஜ் தாத்தா, நீ தப்பா வரஞ்சிட்ட" என்றாள். உங்களிடம் அவள் பேசிய முதல் தமிழ் அது. அதைக்கூட நீங்கள் கவனிக்கவில்லை. காபி வேண்டாம் என்று அறைக்குள் போய், "அந்த ஆளு குழந்தையக் கெடுக்கறார்" என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னீர்கள். அட்டைச் சுவர் வீடு, எல்லாம் கேட்டது.

அதன்பின் தினம் ஒரு பக்கம். மயிலுக்கு ஏன் ஜன்னல் கம்பி முளைத்திருக்கிறது, சிங்கம் ஏன் எண்ணெய் தேய்த்து வகிடெடுத்திருக்கிறது என்று கேட்டாள். இங்கிலீஷில் கிண்டல் செய்தால் நான் சிரிக்கமாட்டேன். அதனால் தமிழைத் தேடித் தேடி எடுத்து வந்தாள். உங்கள் நீதியில் ஒரு வரிகூட இந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

செத்ததற்காகச் சலுகை கிடையாது, சம்பந்தி. நீங்கள் எழுதத் தெரியாதவர், வரையவும் தெரியாதவர். ஒழுங்காக வரைந்திருந்தால் நாங்கள் சிரித்திருக்க மாட்டோம். சிரிக்காவிட்டால் அவள் என்னோடு பேசியிருக்கமாட்டாள். அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது என்னைவிட உயரமாகிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் என் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, கணக்கு டீச்சரைத் தமிழில்தான் திட்டுகிறாள். அவள் அப்பனுக்கு, அதுதான் உங்கள் மகனுக்கு, பாதி வார்த்தை புரிவதில்லை. நான் போனபின் யாரிடம் போய்த் திட்டுவாள் என்பதே இப்போது என் கவலை. நம் நான்கு பேரில் முதலில் நீங்கள் போனீர்கள், அப்புறம் உங்கள் வீட்டம்மா, போன வருஷம் என் வீட்டுக்காரி. பேத்திக்கு மிச்சமிருக்கிற கிழம் ஒன்றே ஒன்று.

சின்னராசு.