டிரிப் ஆகாத பெட்டி

நாள் 409, காலை 9:10
நிலவுக் குடியிருப்பு, தெற்கு வரிசை. எழுதுவது சொர்ணம், மின் பராமரிப்பு. ஆறு வீடுகள், ஒரு பொதுக்கூடம், முப்பத்தொரு பேர்.

வீடுகளில் இருக்கும் மெயின் பெட்டிகள், பூமியில் இடித்த ஏதோ ஓர் அடுக்குமாடியிலிருந்து கழற்றி அனுப்பியவை. எந்தப் புண்ணியவானின் யோசனையோ தெரியவில்லை. என்னைவிட வயதில் மூத்தவை. மின்சாரம் அளவுக்கு மிஞ்சினால் பிரேக்கர் தானே கீழே விழ வேண்டும். அதற்குத்தான் அது இருக்கிறது. இன்று பதினெட்டைச் சோதித்தேன். பதினொன்று விழவில்லை. ஆறாம் வீட்டில் ஒன்றுகூட விழவில்லை. வயரே உருகினாலும் குத்துக்கல் மாதிரி நிற்கும்.

ஆறாம் வீட்டில் இருப்பது என் தம்பி தளவாயும் அவன் மனைவி செல்வியும்.

நாள் 411, மாலை 6:30
புதுப் பெட்டிகள் சரக்குக் கலத்தில் வந்துவிட்டன. ஒன்று முதல் நான்கு வரை மாற்றியாகிவிட்டது. முறைப்படி ஆறில்தான் தொடங்கியிருக்க வேண்டும். தம்பி வீட்டை முதலில் செய்தால் வரிசையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன். நாளை ஐந்தை விட்டுவிட்டு நேராக ஆறுக்குப் போகிறேன். பேசுகிறவர்கள் பேசட்டும்.

நாள் 412, காலை 8:05
வேலை இல்லை. பூமிக் கணக்கில் இன்று ஆயுத பூஜை. கருவிகள் எல்லாம் கூடத்தில் வாழையிலைப் படத்தின் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. என் ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர், கதவைக் கையால் திறக்கும் சுழற்றி, எல்லாவற்றுக்கும் பொட்டு. வரிசைத் தலைவர் ஆவுடையப்பன் அண்ணாச்சியிடம் ஆறாம் வீட்டைப் பற்றிச் சொன்னேன்.

ரேடியோ, ஆவுடையப்பன்: “ஒரு நாள்தானம்மா. பூசையில வச்ச ஆயுதத்த இன்னைக்கி எடுக்கக் கூடாது. நாளைக்கி விடிஞ்சதும் மொத வேல அதான்.”

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. வைத்ததை எடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

நாள் 412, மாலை 4:42
ஆறாம் வீட்டில் தீ. வரிசைக்கே சுண்டலும் பொங்கலும் அங்கேதான் வேகின்றன. இரண்டு மின் அடுப்பு, ஹீட்டர், சீரியல் விளக்கு. பெட்டி வெடித்திருக்கிறது. பிரேக்கர் விழவில்லை. செல்வி முதல் பாத்திரத்தோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். தளவாய் உள்ளே. பெட்டி இருப்பது வாசலை ஒட்டி. புகை வந்ததும் அழுத்தக் கதவு பூட்டிக்கொண்டது. அதன் மோட்டாருக்கும் அதே பெட்டியிலிருந்துதான் மின்சாரம்.

மாலை 4:51
குரல் பதிவு. கை சும்மா இல்லை. வரிசை மெயினை இழுத்தேன். கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. மின்நிலையம் இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அங்கே இருக்க வேண்டியவர் பூஜைக்கு இங்கே வந்து நிற்கிறார்.

சுழற்றியை எடுக்க ஓடினேன். விஷயம் தெரியாமல் அண்ணாச்சி “தீபாராதன முடியட்டும்மா” என்று கையைப் பிடித்தார். தள்ளினேன். குத்துவிளக்கின் மேல் விழுந்தார். நெற்றி பிளந்து ரத்தம். நிற்க நேரமில்லை.

கதவு திறக்க நாற்பது சுற்று வேண்டும். இப்போது பதினொன்று. இரும்பு கொதிக்கிறது. உள்ளங்கைத் தோல் சுழற்றியில் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ரேடியோ, தளவாய்: “எக்கா, குளியலறைக்குள்ள இருக்கேன். நீ சுத்துற சத்தம் கேக்கு. நிறுத்திராத.”

மாலை 4:58
பத்தொன்பது. தீ கேபிள் குழாய் வழியே ஐந்தாம் வீட்டுக்குள் போய்விட்டது. அதை அடுத்துக் கூடம். இருபத்தொன்பது பேர் அங்கே. கூடத்துக்கு வெளிக் கதவு கிடையாது; மற்ற வீடுகளுக்கும் அதே காற்று, அதே குழாய். என் கணக்குக்குத் தீ அங்கே எட்ட ஆறு நிமிடம்.

ஆறாம் வீட்டின் காற்றை வெளியேற்றினால் தீ ஒரு நொடியில் செத்துவிடும். குழாய் வழியே ஐந்தாம் வீட்டுக் காற்றும் உறிஞ்சப்பட்டு அங்கே இருக்கும் தீயும் சேர்ந்து சாகும். நெம்புகோல் என் தலைக்கு மேலே, சிவப்பு நிறத்தில். ஆனால் கதவு முழுசாக மூடியிருந்தால்தான் அது இறங்கும், ஒரு சுற்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. சுற்றியதை எல்லாம் திருப்பிச் சுற்ற வேண்டும்.

திருப்பிச் சுற்றுகிறேன். செல்விக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தில் குத்துகிறாள். பல் ஒன்று போய்விட்டது. முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதுகிறாள். காலால் அவள் வயிற்றில் உதைத்தேன். கடவுளே, உதைத்தேன்.

ரேடியோ, தளவாய்: “எக்கா, சத்தம் மாறுது. என்ன செய்ற?”

சுற்றிக்கொண்டே இருக்கிறேன்.

ரேடியோ, தளவாய்: “எக்கா?”

மாலை 5:03
இழுத்துவிட்டேன்.

நாள் 413, காலை 7:20
வீட்டுக்குள் மறுபடி காற்றை நிரப்பித் திறந்தேன். தளவாய் குளியலறையில் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் கிடந்தான். வாயிலும் மூக்கிலும் ரத்தம் உறைந்திருந்தது. விரல் நகங்கள் பிய்ந்திருந்தன. அவன் பிறந்த அன்று முதலில் கையில் வாங்கியவள் நான். தூக்கி வந்து கிடத்தினேன். வேறு யாரையும் தொட விடவில்லை.

பெட்டியைப் பார்த்தேன். மூடி உருகி வழிந்திருந்தது. உள்ளே ஆறு பிரேக்கர்களும் மேலேயே நின்றன. விரலால் தட்டினேன். அப்போதும் விழவில்லை.

முப்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். அண்ணாச்சி தலையில் கட்டோடு வந்து என் காலில் விழப் பார்த்தார். போகச் சொன்னேன். என்னை யாரும் மன்னிக்க வேண்டாம். மன்னிக்கக் கூடியவன் ஒருத்தன்தான்.

நாள் 413, காலை 9:45
ஐந்தாம் வீட்டில் மறுபடி மின்சாரம் கொடுத்துவிட்டார்களாம். குளிராம். பழைய பெட்டி. நேற்றுத் தீ பட்ட பெட்டி. ரேடியோவில் கத்தினேன். யாரும் எடுக்கவில்லை. கை இரண்டிலும் கட்டு, குரலில்தான் பதிகிறேன், இருந்தாலும் போக வேண்டும்.

நடையில் செல்வி வருகிறாள். இரும்புக் கம்பி ஒன்றைத் தரையில் இழுத்துக்கொண்டு வருகிறாள், சத்தம் நன்றாகக் கேட்கிறது. நான் கதவைப் பூட்டவில்லை. அவளுக்கு உரிமை இருக்கிறது.

இதைக் கண்டெடுப்பவர்களுக்கு. அவளை ஒன்றும் செய்யாதீர்கள். முதலில் ஐந்தாம் வீட்டுக்கு ஓடுங்கள். பெட்டியில் கை வைக்காதீர்கள், பிரேக்கரை நம்பாதீர்கள், உள்ளே இருப்பவர்களை வெளியே