லைட் ஹவுஸில் அக்கா படம்

17 ஜனவரி 2012, செவ்வாய்

காலையிலேயே வெயில். புயல் போன பிறகு தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. நான் வேலை பார்க்கிற ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் ஜெனரேட்டர். சட்டை முழுக்க டீசல் நாற்றம். காணும் பொங்கல், ஊரே ஆற்றங்கரைக்குப் போயிருக்கிறது, எனக்கு மட்டும் லீவு கிடையாது. இன்று டிசைன் பண்ணியது: மஞ்சள் நீராட்டு ஒன்று, கபடிப் போட்டி ஒன்று, கண்ணீர் அஞ்சலி மூன்று. புயலுக்குப் பிறகு கண்ணீர் அஞ்சலிதான் ஜாஸ்தி.

மத்தியானம் சேகர் மாமா வந்தார். தனம் அக்காவின் வீட்டுக்காரர். சிப்காட்டில் பாய்லர் வேலை. அக்கா போய்ப் பத்து நாள். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்துவிட்டாள். நெஞ்சுவலி. நாற்பத்தோரு வயசு.

கவரிலிருந்து கல்யாணப் போட்டோவை எடுத்தார். தான் இருக்கிற பாதியைக் கையால் மறைத்துக் காட்டினார்.

"சதீசு, இவள மட்டும் தனியா எடுத்து, பெருசா ஒண்ணு அடிக்கணும்டா."

"அடிச்சிடலாம் மாமா. வூட்டு வாசல்லயா, தெருமுனையிலயா?"

"லைட் அவுசுல. மேலருந்து தொங்கவிடணும்."

கை மவுசிலேயே நின்றுவிட்டது.

முதுநகர் துறைமுகத்துப் பக்கம் நிற்கிற பழைய லைட் ஹவுஸ். விளக்கு அணைந்து எத்தனையோ வருஷம். அக்கா டெய்லர். அவள் மிஷினுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே அது. பூச்சு உதிர ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் சேர்த்தாள். துரு சுரண்டுவது, விரிசலில் முளைக்கிற அரசங்கன்றைப் பிடுங்குவது, சுண்ணாம்பு பூசுவது. சம்பளம் டீ, போண்டா. ஏன்க்கா இதெல்லாம் என்று கேட்டால், "அது யாரையாவது தொந்தரவு பண்ணுதா? சும்மாதான நிக்குது. நிக்கட்டும்" என்பாள்.

அந்தச் சுவரில் ஒரு பேனரையும் அவள் விட்டதில்லை. கட்சி, ரசிகர் மன்றம், கோயில் திருவிழா, எவனையும்.

"அக்கா யாரையும் கட்ட உடாது மாமா."

"அவுங்கல்லாம் யாரோ. இவ அதுக்கு ஒழைச்சவ. கடல்ல போறவன் கண்ணுக்கும் தெரியணும்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

18, புதன்

எதிலும் கை ஓடவில்லை. மஞ்சள் நீராட்டில் பெண்ணின் பேரைத் தப்பாகப் போட்டேன். ஓனரிடம் திட்டு. வேலையை விட்டுத் திருப்பூர் போய்விடலாமா? போன மாதம் சென்னை என்று நினைத்தேன். அதற்கு முந்தி புதுச்சேரி.

அக்காவை முதலில் பார்த்தது லைட் ஹவுஸில்தான். காலேஜை விட்டுவிட்டு இந்தக் கடையில் சேர்ந்த புதுசு. ஒரு ஹீரோ பட ரிலீஸ் பேனர். நான் மேலே, பால்கனிக் கம்பிக்குக் கீழே ஆணி அடித்துக்கொண்டிருக்கிறேன். கீழேயிருந்து ஒரு சத்தம்.

"டேய், யார்ரா அவன் மேல. ஒங்கப்பன் கட்டுனதாடா அது?"

நான் கண்டுகொள்ளவில்லை. அவள் போகவும் இல்லை. கழுத்தில் டேப்போடு, வெயிலில், நான் இறங்கும்வரை திட்டினாள். இறங்கியதும் என் ஆணி டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி ஏறச் சொன்னாள். அடித்தது எல்லாவற்றையும் பிடுங்கவைத்தாள். ஓட்டையில் உப்புக்காத்து பூந்தால் உள்ளே செங்கல் மாவாகிவிடும், சிமெண்ட் வைத்தால் இன்னும் மோசம், சுண்ணாம்புதான் வைக்கணும், ஞாயிற்றுக்கிழமை வந்து வை என்றாள். நான் எதற்கு வரணும் என்றேன்.

"ஓட்டை போட்டது நீதான?"

போனேன். அடுத்த ஞாயிறும் போனேன். படிப்பைப் பாதியில் விட்டதற்காக எனக்கு 'அரைகொறை' என்று பேர் வைத்தாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

19, வியாழன்

எங்கள் பெரிய மிஷினை ஜெனரேட்டர் இழுக்கவில்லை. சிதம்பரத்தில் கரண்ட் இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொண்டு வா என்று ஓனர் அனுப்பினார். பஸ்ஸில் நின்றுகொண்டே. வழி முழுக்கச் சாய்ந்த கம்பம், தலையில்லாத தென்னை. பக்கத்துப் பெரியவர் போனில்: "ஒரு முந்திரி நிக்கலப்பா. நெசமாத்தான் சொல்றேன். ஒண்ணுகூட."

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கூடப் படித்த ஒருத்தன். டை எல்லாம் கட்டியிருந்தான்.

"என்ன மச்சான், அரியர் எழுத வந்தியா?"

"செத்தவங்க படம் அடிக்க வந்தேன்."

பஸ் வந்துவிட்டது என்று போய்விட்டான். நல்லது.

மிஷின்காரர் அவரிடம் இருந்த அஞ்சலி டிசைனைத் திறந்தார். மேகம், வெள்ளைப் புறா, சொட்டுகிற ஒரு கண். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். மாமா எழுதிக்கொடுத்த வரி: 'கலங்கரை விளக்கமே, கண் மூடினாயே.' அக்கா பார்த்திருந்தால் என் மண்டையில் ஒன்று வைத்திருப்பாள். அதையும் எடுத்தேன். பேர் மட்டும்.

"என்ன தம்பி, ஒரு சொட்டு கண்ணீர்கூட இல்லாம?"

"வேணாம்ணே."

"கலர் கொஞ்சம் ஏத்தி வுட்டிருக்கேன் பாரு. பளிச்சுனு இருக்காங்கல்ல."

"இறக்குங்க. அது அக்கா இல்ல."

இறக்கினார். கறுப்பாக, பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணத்தன்றே யாரையோ திட்டப்போகிற முகத்தோடு அவள் மெதுவாக மிஷினிலிருந்து வெளியே வந்தாள். முதலில் நெற்றி. பிறகு கண்.

வெளியே போய் நின்றேன்.

20, வெள்ளி

ரோஸி டீச்சர் வீட்டில் எல்லோரும். எல்லோரும் என்றால் டீச்சர், ஷேர் ஆட்டோ பாஸ்கர், நான், மாமா. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அக்காவுக்குப் பிறகு மிச்சம் மூன்று பேர்தான். மாமா லைட் ஹவுஸ் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை.

கட்டக்கூடாது என்றேன், நேராகவே.

பாஸ்கர்: "ஆணி அடிச்சாத்தானடா தப்பு. கயித்துல கட்டுவோம். செவுத்துல ஒரு கீறல் விழாது."

"ஆணிக்காக மட்டும் அக்கா சொல்லலடா."

"வேற எதுக்கு?"

சொல்லத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும். எனக்கு அவள் சொன்னது மட்டும்தான் தெரியும்.

டீச்சர்: "காரியத்துக்கு அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறாரு. எப்படிப்பா முடியாதுங்கறது?"

மாமா டீயைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு அக்காடா. எனக்குப் பொண்டாட்டி. வாரம் ஆறு நாளு நான் ஷிப்டு. ஏழாவது நாளு அவ அங்க. ஒரு ஞாயித்துக்கெழம அவ எங்கூட ஒக்காந்து சோறு தின்னதில்ல. நான் ஒரு வார்த்த கேட்டதில்ல. இப்ப அந்தக் கட்டடம் அவளுக்கு ஒரு நாளு குடுக்கட்டுமே."

சரி, நானே கட்டுகிறேன் என்றேன். வேறு எவன் கட்டினாலும் தப்பாகக் கட்டுவான்.

21, சனி

ஒன்றுமில்லை. கயிறு வாங்கினேன். நைலான் வேண்டாம், பால்கனிக் கம்பியின் பெயிண்ட்டை உரிக்கும் என்று தேங்காய் நார்க் கயிறு. யாருக்கு இந்த அக்கறை.

சாயந்திரம் கரண்ட் வந்தது, தெருவே கைதட்டியது, உடனே போய்விட்டது.

22, ஞாயிறு

காலையில் மாமா வீட்டில் காரியம். மத்தியானம் ஏறினேன். காற்று ஜாஸ்தி. நாலு மூலைக் கயிற்றையும் மேலே கம்பியிலேயே கட்டினேன், ஆணி இல்லாமல். பாஸ்கர் கீழே நின்று இடது, வலது என்று கத்தினான், இரண்டையும் மாற்றி மாற்றி.

அழகாகத்தான் தொங்கியது. அதுதான் எனக்குக் கோபம். உள்ளே வருகிற படகில் ஒருத்தர் கும்பிடுபோட்டார். டீச்சர் அழுதார். மாமா தூரத்தில், மணலில் போய் நின்று, அங்கிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை.

நான் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

23, திங்கள்

பாஸ்கர் போன், சாயந்திரம். "ஒடனே வாடா. லைட் அவுசுல வேற எவனோ பேனர் கொண்டாந்திருக்கான்."

ஓனரிடம் வயிற்று வலி என்று சொல்லி ஓடினேன். கட்சிக்காரன் என்று நினைத்து, வழியெல்லாம் மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன்.

கட்சி இல்லை. மீன்பிடிக்கிற பையன் ஒருத்தன், என் வயசுதான் இருக்கும். வண்டியை லைட் ஹவுஸ் எதிரிலேயே நிறுத்தி, பின்னால் ஒரு ஃப்ளெக்ஸ் சுருள், கையில் சுத்தியல். பாஸ்கர் வாசலை மறித்து நின்றான். ஷிப்டு முடிந்து சாப்பாட்டுக் கூடையோடு வந்த மாமாவும் அங்கே.

"யார்ப்பா இது?" மாமா கேட்டார்.

"எங்கண்ணன். ரெண்டு வருசம் முன்ன படகுல போச்சு. ஆளு வரல. படகும் வரல."

சுருளைக் கொஞ்சம் பிரித்துக் காட்டினான். மேகம், புறா, சொட்டுகிற கண். நடுவில் மீசை சரியாக முளைக்காத ஒரு முகம்.

"இங்க யாரையும் கட்ட உடமாட்டாங்கன்னுதான் இத்தினி நாளு கட்டல. அந்தக்கா எங்கம்மாகிட்ட மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுச்சு. இப்ப அதும் படமே தொங்குது."

"அது வேற தம்பி," என்றார் மாமா.

"என்னாண்ணே வேற?"

மாமா என்னைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எனக்குச் சொல்லத் தெரியாதது இதுதான். இப்போது தெரிந்து என்ன.

"இவன் கட்டுனா அடுத்தவன் வருவான்ல," என்றார் என்னிடம்.

"வருவான் மாமா."

"அவனுக்கும் யாராச்சும் செத்திருப்பாங்க."

"ஆமா."

கூடையை பாஸ்கரிடம் கொடுத்தார். பையனைப் பார்த்து, "நான் எறக்கிட்டா நீயும் கட்டமாட்டல்ல?"

அவன் நிமிர்ந்து அக்கா படத்தைப் பார்த்தான். "மாட்டேன்," என்றான்.

மாமா முதல் தடவையாக அந்தப் படிகளில் ஏறினார். நான் பின்னாலேயே. பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். என் முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. கத்தி எடுத்தேன். வேண்டாம், அவள் மேல் படும் என்றார். நகத்தாலேயே அவிழ்த்தோம், ஆளுக்கு இரண்டு மூலை. முகம் உள்ளே வருகிற மாதிரிச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க அவ எந்தப் பக்கம் நிப்பா?"

"அக்கா மேல வந்ததே இல்ல மாமா. தல சுத்தும். கீழ நின்னுதான் கத்தும்."

"வந்ததே இல்லியா?"

"ஒரு நாளும் இல்ல."

நம்பாமல் என்னைப் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"எங்க?"

காட்டினேன். அந்தப் பையனின் வண்டி நின்ற இடம்.

மாமா கம்பிக்கு மேல் குனிந்து கத்தினார்.

"டேய் தம்பி, அந்த வண்டிய கொஞ்சம் தள்ளி வையி."