ரேணுகாம்பாளின் கார்க் கதவுகள்

9-9-1979, ஞாயிறு

இன்றும் காபி குடித்த கையோடு இவர் ஷெட்டுக்குப் போய்விட்டார். அந்தப் பச்சை மோரிஸ், ரேணுகாம்பாளுக்கு அவள் அப்பா கல்யாணத்தில் கொடுத்தது. அவள் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம். இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக நான் வந்து மூன்று வருஷம். கார் மட்டும் அதே இடத்தில். கதவுகளின் அடிப்பக்கம் துருப்பிடித்து அப்பளம் மாதிரி உதிர்கிறது. கார்த்திகை தீபத்துக்குள் சரி செய்துவிட வேண்டுமாம். டிங்கர் கவுஸ் பாஷாவை வரச் சொல்லியிருக்கிறார்.

யாருக்காக?

16-9-1979

கவுஸ் பாஷா கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அடியில் உள்ள ஓட்டைகள் மண் அடைத்துக்கொண்டதால் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. "வெளிய பாத்தா கம்மிதான் சார். உள்ள ஜாஸ்தி அரிச்சிருக்குது" என்றார்.

அந்த மண்ணோடு நாலைந்து கொண்டை ஊசிகளும் வந்தன. இவர் அவற்றைக் குழாயடியில் கழுவி, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

17-9-1979

என் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று திடீரென்று கேட்டால் சொல்வாரா?

30-9-1979

அரித்த தகட்டை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தாயிற்று. பெயின்ட் பேச்சு வந்தது. சிவப்பு அடிக்கலாமே என்றேன்.

"பச்சைதான்."

"ஏன், அவங்களுக்குப் பிடிச்ச கலரா?"

கவுஸ் பாஷா எதையோ தேடுகிறவர் மாதிரிக் குனிந்துகொண்டார். "ஆமா" என்றார் இவர்.

ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

4-10-1979

இவர் வேலூர் போயிருக்கிறார். மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்து, நல்ல மழை. கழற்றிய கதவுகள் வாசலில் கிடந்தன. பிரைமர்கூடப் பூசாத வெறும் தகடு. தார்ப்பாய் என் காலடியில் இருந்தது. வராந்தாவில் நின்று மழை விடும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாக இருந்தது. எழுதவே பயமாக இருக்கிறது — ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

5-10-1979

தகடு முழுக்கச் செந்துரு. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு தேய்க்க உட்கார்ந்துவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நானே போய்ச் சொன்னேன்.

"நான்தான் மூடல. வேணும்னேதான் மூடல."

"தெரியும். தார்ப்பாய் மடிச்ச மடிப்பு கலையல."

தேய்த்துக்கொண்டே பேசினார். மழை பெய்தால் கதவு வழியாகத் தண்ணீர் கசிந்து அவள் புடவை நனையுமாம். "கதவைப் பாருங்க, பாருங்கன்னு சொல்லிக்கினே இருந்தா. நாளைக்கு, நாளைக்குன்னே ஓட்டிட்டேன். அதுக்குள்ள அவ போயிட்டா, வேதா" என்று என் பேரைச் சொன்னார்.

அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. வருத்தப்படுவதுகூட அவளுக்காகத்தானா? எனக்கு மிச்சம் என்ன? வாயில் வந்தே விட்டது. "நான் கேக்கறதையாவது நான் இருக்கறப்பவே செய்ங்க. செத்தப்புறம் எனக்காக எதையும் தேய்க்க வேணாம்."

6-10-1979

காபியை ஷெட் வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

7-10-1979

காலையில் அடுப்படிக்கு வந்து நின்றார். "உனக்கு என்ன வேணும், சொல்லு." மூன்று வருஷமாக மனசுக்குள் எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கடைசியில், "போளூர்ல எங்கம்மா வீட்ல ரெண்டு நாள் தங்கணும். வாசல்லயே விட்டுட்டுத் திரும்பக் கூடாது" என்றேன்.

"இவ்ளோதானா?"

ஆமாம், இவ்வளவுதான். இதைக் கேட்க இவருக்கு மூன்று வருஷம்.

11-11-1979, போளூர்

நேற்று வந்து சேர்ந்தோம். பச்சைதான் அடித்திருக்கிறது. நான் அதற்குமேல் சண்டை பிடிக்கவில்லை. பிடித்துவிட்டது என்று எழுதினால் பொய். முன்சீட்டில் உட்கார்ந்து வந்தேன். மாப்பிள்ளை ராத்தங்கியதில் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

காலையில் எதிர்வீட்டுப் பொன்னியக்கா வந்து கதவைத் தடவிப் பார்த்தாள். "யார் வண்டிடி இது?"

"எங்களுது" என்றேன்.

சொன்ன பிறகுதான் பார்த்தேன், இவர் பின்னால் நின்றிருந்தார்.