ஆடிக்கு முன் ஏழாம் நம்பர்

ஜூலை 14, திங்கள்

காற்று. எங்கள் ஊர் தேவாரத்தில் இந்த மாதம் வேறென்ன இருக்கும். காலையிலிருந்து மூன்று மின்வெட்டு.

வேலை: படம் 4-க்கு விளக்கம். மேற்கோள் பட்டியல். அம்மாவுக்கு ரேஷன் கார்டு நகல்.

கட்டுரையில் ஒன்பது நீள்வட்ட விண்மீன் மண்டலங்கள். எட்டின் மையம் பற்றி மற்றவர்கள் எழுதியாயிற்று. ஏழாம் நம்பர் மட்டும் என்னுடையது. விண்வெளித் தொலைநோக்கியின் பழைய படம், ஒரே நிற வடிகட்டியில் எடுத்தது, யாரும் சீண்டாமல் கிடந்தது. நடுவை நெருங்க நெருங்க ஒளி கூட வேண்டும். இதில் தட்டையாக நிற்கிறது. இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி, நடுவிலிருந்த விண்மீன்களை வெளியே வீசிவிட்டன என்பது என் கட்சி.

வியாழனன்று இதே ஏழாம் நம்பரின் அகச்சிவப்புப் படம் எல்லோருக்கும் திறக்கிறது. வேறொரு குழு புதிய தொலைநோக்கியில் எடுத்தது. நான் சொல்வது சரியா என்று அதில் தெரிந்துவிடும்.

ஜூலை 15, செவ்வாய்

திராட்சைப் பந்தலில் ஒரு கம்பி அறுந்துவிட்டதாம். அப்பா தாமதமாகச் சாப்பிட வந்தார்.

"நடுவுல என்னதான் இருக்கு, அதச் சொல்லு."

"ஒண்ணும் இல்லைங்கிறதுதான்ப்பா கண்டுபிடிப்பு."

"இதுக்கா ஆறு வருசம்?"

அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.

என் வழிகாட்டி மேடத்திடம் போனில் கேட்டேன், பொறுக்கலாமா என்று. "ரெண்டு நாள்தானே, படத்தைப் பாத்துட்டு அனுப்பலாம். ஆனா உன் இஷ்டம்." உதவித்தொகை செப்டம்பரோடு முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரையாவது போயிருக்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

அம்மா விடிந்ததுமே தொடங்கிவிட்டாள். "நாளைக்கு ஆடி பொறக்குது ஆத்தா. ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாது. அனுப்புறத இன்னிக்கே அனுப்பிவிட்டுரு. உங்க பெரியப்பாகூடக் கேட்டாக, புள்ள இன்னமும் எழுதுதான்னு."

மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி ஓரம். அங்குதான் சிக்னல். துப்பட்டா முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. 4.50-க்குக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினேன். அம்மா கேசரி கிண்டினாள். இரண்டு கரண்டி. போதும் என்று எழுந்துவிட்டேன்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

பத்து மணிக்குப் படம் திறந்தது. பாதி இறங்கியபோது சிக்னல் போனது. மறுபடி முதலிலிருந்து. கீழிருந்து அப்பா: "இங்கன கரண்டு வந்துருச்சு. அங்கன என்னாச்சு?"

பார்த்தேன். நடு பளீரென்று இருக்கிறது. விண்மீன்கள் எங்கும் போகவில்லை.

தூசி. மையத்துக்கு முன்னால் மெல்லிய தட்டு. திட்டுத்திட்டாக இருந்திருந்தால் என் கணினி நிரல் பிடித்திருக்கும். வழவழவென்று இருந்ததால் தப்பிவிட்டது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைத்தது, நான் காலி என்று எழுதிவிட்டேன். அகச்சிவப்பு தூசியைத் துளைத்து வந்துவிடுகிறது. இன்னொரு வடிகட்டியில் படம் இருந்திருந்தால் நிறமே காட்டிக்கொடுத்திருக்கும். அப்படி ஒன்று இல்லை என்று தெரிந்தும் அனுப்பினேன்.

வெட்கமாக இருக்கிறது. ஏழாம் நம்பரை எடுத்துவிட்டால் கட்டுரையில் என்னுடையது என்று எதுவும் மிஞ்சாது. சும்மா இருந்துவிடலாமா? யாரும் கவனிக்காமல்கூடப் போகலாம்.

அம்மா மேல் பழியைப் போட வசதியாக இருக்கிறது. எனக்கு எங்கே ஆடியில் நம்பிக்கை? படம் வருவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் என்னுடையது. அம்மா ஒரு சாக்கு.

ஜூலை 18, வெள்ளி

காற்று குறையவில்லை. கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். அம்மா தூக்குவாளியைத் தேடினாள்.

மேடத்துக்குப் படத்தை அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "பார்த்தேன். நீயே முடிவு பண்ணு."

மடிக்கணினியோடு மாடி ஏறும்போது அம்மா படியில் மறித்தாள்.

"ஏத்தா, ஆடி வெள்ளியும் அதுவுமா எத அனுப்பப் போற?"

"அனுப்பலம்மா. அனுப்புனதத் திரும்ப வாங்கப் போறேன்."

என் முகத்தையே பார்த்தாள்.

"ஏன், ஆடியில வாங்கவும் கூடாதா?" என்றேன்.

அம்மா என் துப்பட்டா நுனியை இழுத்து இடுப்பில் செருகிவிட்டு வழியை விட்டாள்.

9.40. 'திரும்பப் பெறுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். நிரப்பினேன்: நடு காலியில்லை.