சாட்டு இல்லாமல் போனவனுக்கு

மச்சான்,

எங்கள் மாடிக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு சலவை அறை இருக்கிறது. பகலில் அங்கே ஓய்வூதியக்காரர்களும் நானும்தான். மற்றவர்கள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். இன்று காலை உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்தபோது சூடான படுக்கை விரிப்பின் வாசம் முகத்தில் அடித்தது. அது உன் வாசம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை முடித்து வந்து, கம்பளிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கறிச்சட்டியைத் திறந்து பார்ப்பாயே, அப்போது நம் அறை முழுவதும் அந்த வாசம்தான். விரிப்பை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற டேனிஷ் கிழவி எனக்கு ஏதோ சுகமில்லை என்று நினைத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மறுபடியும் எனக்கு வேலை இல்லை. நான் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மனைவி முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகிறாள், மகள் பள்ளிக்கூடம் போகிறாள், நான் துணி துவைக்கிறேன். போன கிழமை வீட்டுக்கு வந்த மகளின் தோழி, "உன் அப்பாவுக்கு இன்றைக்கு லீவா?" என்று டேனிஷில் கேட்டாள். "அவருக்கு எப்போதும் லீவுதான்" என்று மகளும் டேனிஷிலேயே சொன்னாள். பகிடிக்குத்தான் சொன்னாள். இருந்தாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த இறங்காத சாப்பாட்டை நீ முன்பே பார்த்திருக்கிறாய். டென்மார்க்குக்கு வந்த புதிதில், விபோர்க் நகரில் நாம் ஒரே அறையில் இருந்த காலம். நீ மன்னார், நான் தென்மராட்சி. உன் பக்கச் சுவரில் மாதா, என் பக்கச் சுவரில் பிள்ளையார், இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஹீட்டர். ஊரில் நீ கூட்டுறவுக் கடை மனேஜர், நான் ஸ்டேஷன் மாஸ்டர். மனைவிமாரைக் கூப்பிட இருவரும் ஒரே நாளில்தான் விண்ணப்பம் கொடுத்தோம். பிறகு உனக்குச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

சண்டையில் என் ஸ்டேஷன் எரிந்த பிறகுதான் நான் நாட்டை விட்டு வந்தேன். வந்த இடத்தில் நான் யார் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கொமுன என்கிற நகரசபை அலுவலகத்தில், "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்கள். "ரயிலை மறிக்கத் தெரியும், விடத் தெரியும்" என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் சிரித்துவிட்டார், கேள்வி கேட்ட அம்மா எதையும் எழுதவில்லை. ரயில்வேக்கு எழுதிப் போட்டேன். மொழி போதாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. கோழிப் பண்ணைக்கு எழுதினேன், அங்கே அனுபவம் போதாதாம். ரயில் நடத்தியவனுக்குக் கோழி பிடிக்க அனுபவம் போதவில்லை என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன், ஆனால் அடுத்த நாள் காலை எதற்காக எழும்ப வேண்டும் என்று தெரியாமல் போர்வைக்குள்ளேயே கிடந்தேன்.

அந்த நாள்களில் நம் ஆட்கள் கூடினால் ஒரே கதைதான், மனைவிமார் ஏன் இன்னும் வரவில்லை என்பது. இரண்டு அறை உள்ள வீடு வேண்டும் என்றார் ஒருவர். டேனிஷ் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும் என்றார் இன்னொருவர். கலியாணப் படத்தில் தாலி தெரியவில்லை என்று படத்தைப் பெருப்பித்து மறுபடி அனுப்பினார் மூன்றாமவர். எல்லாவற்றையும்விடப் பெரிய கதை, வேலை உள்ளவனின் குடும்பத்துக்குத்தான் விசா என்பது. ஒருவர் வீட்டுக்கும் விசா வரவில்லை என்பதை நாம் யாரும் நின்று யோசிக்கவில்லை. அவரவர் தத்தம் குறையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எனக்கு என் குறை நன்றாகத் தெரிந்திருந்தது. ஊரில் செல் குண்டு விழுந்தது என்று செய்தி வந்தால், எனக்கு வேலை இல்லாததால்தான் விழுந்தது போல இருக்கும். மனைவியும் பிள்ளையும் பதுங்குகுழிக்குள் இருக்கும்போது எனக்கு இங்கே சுடுசோறு எதற்கு என்று தோன்றும். பிறந்தநாள் விழா, கோயில் கூட்டம் எதற்கும் போவதை விட்டேன். அங்கே போனால் கைகொடுக்க முதலே, "எங்கை வேலை?" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதிலாக விபோர்க் ரயில் நிலையத்துக்குப் போய் வாங்கில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரயில் வரும், ரயில் போகும், நான் ஒருவன் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது.

உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. மாலையில் என்னைக் கண்டதும் தொடங்கிவிடுவாய்.

"மாஸ்டர், இண்டைக்கு உன்ர ரயிலெல்லாம் ஒழுங்கா வந்துதோ?"

"ஒண்டு கொஞ்சம் பிந்திப் போச்சு."

"விளக்கம் கேட்டனியோ?"

"எந்தப் பாசையிலை கேக்கிறது?"

உண்மையைச் சொன்னால், அந்தப் பகிடி அன்று எனக்குப் பிடிக்கவில்லை. வேலை இருக்கிறவன் பகிடி விடலாம்தானே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். உன்னுடைய மனைவி எப்படியும் என் மனைவிக்கு முன் வந்துவிடுவாள், பிறகு இந்த அறையில் நான் தனியே கிடக்க வேண்டியதுதான் என்று கணக்குப் போட்டும் வைத்திருந்தேன்.

அன்று சனிக்கிழமை. ரயில் மேடையில் பனி கட்டிக் கிடந்தது. நீ என்னைத் தேடி நிலையத்துக்கே வந்துவிட்டாய்.

"எழும்பு. வீட்டை போவம்."

"நான் வரேல்லை. எனக்கொரு வேலை கிடைச்சிருந்தா அவளும் பிள்ளையும் இப்ப இஞ்சை நிப்பினம். எல்லாம் என்ர பிழை."

வழக்கம்போலச் சிரிப்பாய் என்று பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. வாங்கிலிருந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"எனக்கு வேலை இருக்குத்தானே. என்ர மனிசி எங்கை?"

நான் உன் பக்கம் திரும்பினேன்.

"உனக்கு வீட்டை எழுத ஒரு சாட்டு இருக்கு மச்சான், வேலை இல்லையெண்டு. எனக்கு அதுவுமில்லை. வேலையும் இருக்கு, இன்னும் கூப்பிடுறானில்லை எண்டா ஊரிலை என்ன கதைப்பினம்? அவன் அங்கை ஒருத்தியைப் பிடிச்சிட்டான் எண்டு கதைக்கினம். அவளே எழுதிக் கேட்டிட்டாள்."

ரயில் ஒன்று வந்து நின்றது. சிலர் இறங்கினார்கள், சிலர் ஏறினார்கள். அது போன பிறகு சொன்னாய்.

"இது உன்ர பிழையுமில்லை, என்ர பிழையுமில்லை. எங்கையோ மேலை ஆரோ சிவப்புச் சிக்னலைப் போட்டிட்டுப் பேசாமல் இருக்கிறாங்கள். உனக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?"

எழும்பி நடக்கும்போது இன்னொன்றும் சொன்னாய். "இனி ஆரும் கேட்டா வேலை இல்லை எண்டு சொல்லாதை. ஸ்டேஷன் மாஸ்டர், இப்ப லைன் மூடிக் கிடக்கு எண்டு சொல்லு."

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் அன்று சோறு இறங்கியது. அதன் பிறகு நிலையத்துக்குப் போவது மெல்ல மெல்லக் குறைந்தது, மொழிப் பள்ளிக்கு ஒழுங்காகப் போனேன். உன் கவலை அதே இடத்தில்தான் கிடந்தது. அதைப் பற்றி நீ அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த மாரியில் ஒருநாள் காலை, வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது. உறைந்த மண்ணை இயந்திரத்தால் தோண்டித்தான் உன்னை வைத்தார்கள். டேனிஷ் பாதிரியார் உன் பெயரைப் பிழையாகச் சொன்னார், நான் திருத்தவில்லை. உன் மனைவிக்கு நான்தான் எழுதினேன். அவள் நன்றி என்று மட்டும் பதில் போட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு விசாக்கள் வரத் தொடங்கின. என் மனைவியும் மகளும் அதே விபோர்க் நிலையத்தில் வந்து இறங்கினார்கள். அப்போது எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். நான் வேலையில்லாதவனாகத்தான் மேடையில் நின்று அவர்களை இறக்கினேன்.

இந்தக் கிழமை இங்கே அரசாங்கமே பதவி விலகிவிட்டது. நம் குடும்பங்களின் விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாக, வேண்டுமென்றே, மேலிடத்தில் கிடப்பில் போட்டிருந்தார்களாம். புகைச்சலாக முன்பே கேட்ட கதைதான், இப்போது விசாரித்து எழுதியே விட்டார்கள். வேலை உள்ளவன் இல்லாதவன் என்று அவர்கள் பார்க்கவே இல்லை. தொலைக்காட்சியில் ஓடிய டேனிஷில் எனக்குப் பிடிபடாததை மகள் பக்கத்தில் இருந்து விளக்கினாள். தாலி பெருப்பித்த மனிதரை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே உன்னை நினைத்து அழுதுவிட்டேன். மகள் பயந்துபோனாள்.

நேற்றுக் கொமுன அலுவலகத்துக்குப் போனேன். புதிதாக வந்திருக்கும் பெண், நான் யார் என்று கேட்டாள். ஸ்டேஷன் மாஸ்டர், இப்போது லைன் மூடியிருக்கிறது என்று டேனிஷில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, எந்த லைன் என்று கேட்டாள். வேலை ஒன்றும் தரவில்லை. திரும்பி வரும்போது வழமையான கவலை இருந்தது, வெட்கம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொழும்புக்குப் போன் எடுத்தேன். உன் மனைவி இப்போது கொட்டாஞ்சேனையில் தன் தமக்கை வீட்டில் இருக்கிறாள். "தங்கச்சி, டென்மார்க்கிலை இருந்து கதைக்கிறன்" என்று தொடங்கி, செய்தியில் கேட்டது முழுவதையும் சொன்னேன். விண்ணப்பம் போட்ட நாளையும் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் ஹலோ சொன்னேன்.

"அப்ப, அவர் என்னைக் கூப்பிடத்தான் பாத்தவரோ அண்ணை?"

"ஓம்."

"அங்கை... அவரோடை வேற ஆரும் இருக்கேல்லையோ?"

"நான்தான் இருந்தனான்" என்றேன்.

அவள் அழத் தொடங்கினாள். இத்தனை வருசம் அழாமல் வைத்திருந்த அழுகை. அது முடியும்வரை நான் போனை வைக்கவில்லை. நீ கேட்க வேண்டிய அழுகை அது, மச்சான். கேட்டவன் நான். இனி அது என்னோடுதான் இருக்கும்.