இரண்டு டம்ளர் பால்

அன்புத் துணைவிக்கு,

இங்கே நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் நான் தங்கியிருக்கும் பள்ளி விடுதிப் படியில் லேசாக வழுக்கினேன். பயப்படாதே, கால் சுண்டுவிரல் எலும்பில் விரிசல்தான். ரத்தம் சோதித்த டாக்டரம்மா, கால்சியம், இரும்பு இரண்டுமே குறைவு என்றார்.

"மாத்திரை தவறாம போடுறேனே."

"எப்படிப் போடுறீங்க?"

"மறக்காம இருக்க ரெண்டையும் சேர்த்து, காலை டீயோட."

"மணியடிச்சதும் ரெண்டு வகுப்பையும் ஒரே வாசல்ல விடுவீங்களா சார்?"

உதாரணம் சொல்வது என் பிழைப்பு, அதையும் பறித்துக்கொண்டார். சேர்ந்து போனால் கால்சியம் இரும்பை உடம்பில் ஏறவிடாதாம், டீயும் அப்படித்தானாம்.

இனி இரும்பு காலையில், டீயைத் தள்ளிவைத்து. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. நீ இத்தனை வருடம் இரண்டு டப்பாவில் இரண்டு வேளையாக எடுத்துத் தந்தது எதற்கென்று இப்போதுதான் விளங்கியது. எலும்பு முறியாமல் விரிசலோடு நின்றது உன் புண்ணியம்.

இரவு சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு போன் செய். மாத்திரையை ஞாபகப்படுத்தத்தான். இரண்டு வார்த்தை கூடப் பேசினாலும் பரவாயில்லை.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது. ஒன்று சொல்ல மறந்தேன். என் அறையில் இரவில் இன்னும் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் பால்தான் காய்ச்சுகிறேன். வீணாவதில்லை, உன் பங்கையும் நானே குடித்துவிடுகிறேன்.

உன்,
வாத்தியார்