செல்வராணி அக்காவின் பெயரில் உள்ள பதிவு

1989 பெப்ரவரி 6, திங்கள். டோர்ட்மண்ட்

காலையிலிருந்து மழை. சப்பாத்து நனைந்து, காலுறை நனைந்து, ஆலோசனை நிலையத்தில் ஈரக்காலோடு ஒரு மணித்தியாலம். திருமதி பிரென்னர்தான் அங்கே எங்களைப் போன்ற அகதிகளுக்குக் கடிதம் எழுதித் தருபவர். தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்றதும் எழுந்து கைகொடுத்தார். பிறகு என் கோப்பைத் திறந்தார். முகம் மாறிவிட்டது.

1986இல் அடிதடி வழக்கு. தண்டம் கட்டி முடித்தாயிற்று, ஆனாலும் குற்றப்பதிவில் என் பெயர் இருக்கிறது. வெளிநாட்டவர் அலுவலகம் அதைப் பார்க்கும். பயிற்சிக்கு அனுமதி தராது. சில வருடம் போனால் தானாக அழியும். அதற்கு முன் அழிக்க ஓர் ஆன்ட்ராக் போடலாம் என்றார். விண்ணப்பம்.

தேவை:
– நான் கூட்டித் துடைக்கும் முதியோர் இல்லத்தின் நற்சான்று
– தண்டம் கட்டிய பற்றுச்சீட்டு
– என் கையால் ஒரு வருத்தக் கடிதம்
– முடிந்தால், அடிபட்டவரிடமிருந்து சமாதானமாகிவிட்டதாக ஒரு கடிதம்

நாலாவதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பெப்ரவரி 8, புதன்

வருத்தக் கடிதம். மூன்று தாள் கிழித்தேன். நடந்ததை எழுதச் சொன்னார் தி. பிரென்னர்.

நடந்தது: அகதி விடுதியின் குசினி. இரண்டு அடுப்பு, பதினான்கு பெண்கள். அன்று காலைதான் தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று வீட்டிலிருந்து கடிதம். செல்வராணி அக்கா என் அரைவேக்காட்டுச் சோற்றை இறக்கி வைத்துவிட்டுத் தன் பானையை ஏற்றினார். அவ்வளவுதான். நான் பொரிக்கும் தாச்சியை எடுத்து அடித்தேன். இரும்புத் தாச்சி. அவர் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். வலது மணிக்கட்டு. சத்தம் கேட்டது.

பொலிஸ் கேட்டபோது அவர்தான் முதலில் என் தலைமயிரைப் பிடித்து இழுத்தார் என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கில் தயாராக இருந்தது. நீதிமன்றத்தில் அவரும் அதற்கு ஓம் என்றார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

கடிதத்தில் பொய்யையே திரும்ப எழுதினேன். மொழி மட்டும் திருத்தம்.

பெப்ரவரி 11, சனி

பிராங்பேர்ட். செ. அக்கா இப்போது அங்கே. அகதிகள் ஊர் தாண்டிப் போக எடுக்கும் அனுமதிச் சீட்டை ரயிலில் இரண்டு தடவை பார்த்தார்கள். குளிர்.

செ. அக்கா கதவைப் பாதி திறந்து பார்த்தார். பிறகு உள்ளே வரச் சொன்னார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். தேநீர்ப் பாத்திரத்தை இடது கையால் தூக்கினார். மூலையில் தையல் மெஷின், மேலே சீலை போட்டு மூடி. பார்க்காமல் இருக்க முயன்றேன்.

வந்த காரணத்தைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. தாளை வாங்கி, தமிழில் நாலு வரி எழுதி, கீழே மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

"மன்னிச்சன் எண்டு எழுதேல்லை. சண்டை முடிஞ்சுது எண்டுதான் எழுதியிருக்கிறன்."

பிறகு அலுமாரியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். வெளிநாட்டவர் அலுவலகத்தின் கடிதம். அவருடைய மகள் கொழும்பில் உறவினர் வீட்டில் இருக்கிறாள். ஒன்பது வயது. அவளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காரணம் 1986ஆம் ஆண்டு அடிதடி. அந்த வழக்கில் அவருக்கும் தண்டம் போட்டிருந்தார்கள். எனக்கு இது தெரியும். தெரிந்தும் இத்தனை நாளும் அதை என்னுடைய வழக்கு என்றே நினைத்து வந்திருக்கிறேன்.

ஏன் அன்று ஓம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"எதிர்த்துக் கதைச்சால் ரண்டு பேரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு ஆரோ சொல்லிச்சினம். அப்ப இவரும் வந்து சேரேல்லை, நான் தனிய நிண்டனான். பயந்துபோனன்."

படியில் இறங்கும்போது மேலேயிருந்து கூப்பிட்டார்.

"வசந்தி, உன்ரை கண்ணீரை வைச்சு நான் என்ன செய்யிறது? நீ சொன்னதை நீயே மாத்திச் சொல்லு."

பெப்ரவரி 13, திங்கள்

தடிமன், காய்ச்சல். வேலைக்குப் போனேன். அறைத் தோழி மலருக்கு எல்லாம் சொன்னேன். பேசாமல் இரு, பயிற்சி முடிந்து தாதி ஆன பிறகு அக்காவுக்கு எவ்வளவோ உதவலாம் என்றாள். கேட்க நன்றாக இருந்தது. அவள் அப்படிச் சொல்வாள் என்று தெரிந்துதான் அவளிடம் சொன்னேன்.

பெப்ரவரி 15, புதன்

வெயில். விண்ணப்பத்தைத் தபாலில் போட்டேன். செ. அக்காவின் கடிதம், அதன் மொழிபெயர்ப்பு, எல்லாம் சேர்த்து. அக்கா கேட்டதைப் பிறகு பார்க்கலாம் என்று.

தபால்பெட்டி மூடி விழுந்த சத்தத்தோடு வெட்கம் வந்தது. அவருடைய உடைந்த கையால் எழுதிய கடிதத்தை வைத்து என் பெயரைக் கழுவப் பார்க்கிறேன். வாங்கியவை: வெங்காயம், பால், காய்ச்சல் குளிசை.

பெப்ரவரி 20, திங்கள்

ஐந்து நாள் எழுதவில்லை. சாப்பாடும் சரியில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவிக்கு மணிக்கட்டில் கட்டு. வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றேன்.

பின்னேரம் டேர்மின் இல்லாமலே, முன்கூட்டி நேரம் கேட்காமலே, தி.பி.யிடம் போனேன். உள்ளே விட்டார். முழுவதும் சொன்னேன், என் ஓட்டை ஜேர்மனில். அவர் பேனையைக் கீழே வைத்தார். கோபமா, தெரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். பொய் சொன்னேன் என்று நான் வழக்கறிஞர் மூலம் எழுதிக் கொடுத்தால் அக்காவின் வழக்கைத் திரும்ப எடுக்கலாம். எடுப்பார்கள் என்று உறுதி இல்லை. என் விண்ணப்பம் செத்துவிடும். பொய் சொன்னதற்குப் புதிதாக ஒரு தண்டனை வரலாம். தாதிப் பயிற்சி போய்விடும். வீட்டுக்குப் போய் யோசிக்கச் சொன்னார்.

யோசித்தால் எழுதமாட்டேன், இப்போதே எழுதவேண்டும் என்றேன்.

மார்ச் 2, வியாழன்

வழக்கறிஞரிடம் கையெழுத்து. ஒரு பக்கம்கூட இல்லை. பொய் சொல்ல இதைவிடக் குறைந்த நேரம்தான் எடுத்தது.

மலர் பேசுவதில்லை. மடைச்சி என்றாள், அதோடு சரி.

ஏப்ரல் 18, செவ்வாய்

பயிற்சி நிலையத்திலிருந்து கடிதம். இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன். செ. அக்கா மேல் கோபம் வந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டெம்பர் 21, வியாழன்

நீதிமன்றம். வெளியே நல்ல வெயில். செ. அக்கா சாம்பல் நிறக் கோட்டில், கணவரோடு. தலையசைத்தார்.

மொழிபெயர்ப்பாளர் 1986இல் வந்தவர் இல்லை, வேறு ஒருவர். அந்த அக்கா உன்னைத் தொட்டாரா என்று நீதிபதி கேட்டார். மொழிபெயர்க்க முன்பே நைன் என்றேன். இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

அக்காவுக்கு விடுதலை. அவருடைய பதிவை நீக்க உத்தரவு. என்னுடையது இருக்கும். பொய் சொன்னதற்கு வேறு வழக்கு வரும்.

நடைபாதையில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கிட்டப் போனேன்.

"பிள்ளைக்கு இண்டைக்கே எழுதவேணும்" என்றார். என்னிடமா, கணவரிடமா, தெரியவில்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கணவர் அவசரப்படுத்தினார். போய்விட்டார்கள்.

டிராமில் வரும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தி.பி.யிடம் சொன்னேன். வழக்கறிஞரிடம் சொன்னேன். நீதிபதியிடம் இரண்டு தடவை சொன்னேன்.

அக்காவிடம் சொல்லவில்லை.